‘யுத்தம்பண்ணப் போகலாமா?’: வேதாகமத்தில் போரும் நியாயமும்

கீலேயாத்திலுள்ள ராமோத் என்ற ஊரை மீட்கப் போருக்குப் போக வேண்டும் என்று இஸ்ரவேலின் ராஜா ஆகாப் முடிவுசெய்கிறான். அந்த ஊர் தன் நாட்டுக்கு உரியது என்பது அவன் வாதம். அதில் நியாயமும் இருக்கிறது. சீரியாவின் ராஜா பெனாதாத் முன்பு தோற்றபோது, பிடித்த பட்டணங்களைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். யூதாவின் ராஜா யோசபாத்தும் கூட வரத் தயார். அவன் ஒன்று மட்டும் கேட்கிறான்: முதலில் கர்த்தரிடம் விசாரிக்கலாமே.

ஆகாப் ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகளைக் கூட்டி, யுத்தம்பண்ணப் போகலாமா, போகலாகாதா என்று கேட்கிறான். அத்தனை பேரும் ஒரே குரலில், போங்கள், ஜெயம் நிச்சயம் என்கிறார்கள். ஒருவன் இரும்புக் கொம்புகளைச் செய்துகொண்டு வந்து, இவற்றால் சீரியரை முட்டித் தள்ளுவீர்கள் என்று நடித்தே காட்டுகிறான். யோசபாத்துக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வேறு யாரும் இல்லையா என்கிறான். இன்னொருவன் இருக்கிறான், மிகாயா என்று பெயர். ஆனால் அவன் எனக்கு நல்லதாக எதையும் சொன்னதில்லை, அவனை நான் பகைக்கிறேன் என்கிறான் ஆகாப். அழைத்து வரப்பட்ட மிகாயா கடைசியில் சொன்னது இதுதான்: மேய்ப்பனில்லாத ஆடுகளைப்போல இஸ்ரவேலர் மலைகளில் சிதறிக் கிடக்கக் கண்டேன். உடனே கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அப்புறம் சிறை, ‘இடுக்கத்தின் அப்பமும் இடுக்கத்தின் தண்ணீரும்’. ஆகாப் மாறுவேடத்தில் போர்க்களத்துக்குப் போனான். யாரோ ஒரு வீரன் குறியில்லாமல் எய்த அம்பு அவன் கவசத்தின் இடைவெளியில் பாய்ந்தது. சாயங்காலம் செத்துப்போனான்.

முதலாம் இராஜாக்கள் 22ஆம் அதிகாரம் இது. ஒரு நாடு நியாயமாகப் போர் செய்யலாமா என்று யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் வாசிக்கச் சொல்வேன். கையில் சரியான காரணம் இருக்கலாம், தேசத்தின் ஆன்மிகத் தலைவர்கள் எல்லாரும் ஆசீர்வதிக்கலாம். அப்போதும் அந்தப் போர் தவறாக இருக்க முடியும் என்று இந்த அதிகாரம் சொல்கிறது. வேதாகமத்தில் போர் பற்றி ஒரே ஒரு சட்டத்தொகுப்பு கிடையாது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்ட நூல்கள் அவை. போரைக் கட்டளையிடும் பகுதிகள், கட்டுப்படுத்தும் பகுதிகள், போரே இல்லாத நாளைக் கனவு காணும் பகுதிகள் எல்லாம் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன.

மிகக் கடினமான பகுதியை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. உபாகமம் 20ஆம் அதிகாரம், கானான் பட்டணங்களில் சுவாசமுள்ள ஒன்றையும் உயிரோடு வைக்காதே என்கிறது. 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலின் பழைய எதிரிகளான அமலேக்கியரின் குழந்தைகளையும் கொல்லும்படி ராஜா சவுலுக்குக் கட்டளை வருகிறது. இதை வாசித்து நெஞ்சு பதறாதவர்கள் அதைச் சரியாக வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு காலத்துக்கும் ஒரு மக்களுக்கும் மட்டும் கொடுக்கப்பட்ட கட்டளை, வேறு எந்த நாடும் அதை எடுத்தாள முடியாது என்பது சபைகள் மரபாகத் தரும் பதில். வரலாற்றாய்வாளர்கள் வேறொன்றைக் காட்டுகிறார்கள். 1868ல் இன்றைய யோர்தானில் கண்டெடுக்கப்பட்ட மேசா கல்வெட்டில் மோவாபின் ராஜா, இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தே போயிற்று என்று எழுதிவைத்திருக்கிறான்; நேபோ ஊரில் 7,000 பேரைத் தன் தெய்வத்துக்கென்று அழித்ததாகவும் சொல்கிறான். அழித்தல் என்பதற்கு அவன் பயன்படுத்திய சொல்லும் எபிரெய வேதாகமத்தின் சொல்லும் ஒன்றே. இஸ்ரவேல் அழியவில்லை என்பது நமக்குத் தெரியும். யோசுவா புத்தகம் ஒருவரையும் மீதியாக வைக்கவில்லை என்று சொன்ன பிறகு, நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் கானானியர் ஊர் ஊராகக் குடியிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் போர்மொழியில் மிகைப்படுத்தல் வழக்கமாக இருந்தது என்பது பலருடைய முடிவு. இந்த விளக்கங்கள் உதவுகின்றன. ஆனால் என் மனப்பாரத்தை முழுவதும் இறக்கிவைத்ததில்லை.

இந்தப் பகுதிகள் பழங்கதையாக மட்டும் நின்றுவிடவில்லை. வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயப் போதகர்கள் சிலர் அம்மண்ணின் மக்களை அமலேக்கியர் என்றார்கள். 2023 அக்டோபரில் காசா போரின்போது இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, அமலேக்கு உனக்குச் செய்ததை நினைத்திரு என்ற வசனத்தைச் சுட்டினார். சர்வதேச நீதிமன்றத்தில் தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கில் அதுவும் ஒரு சான்றாக வைக்கப்பட்டது. ஒரு மக்களை அழிக்கச் சொல்லும் பொருளில் அவர் பேசவில்லை என்று அவருடைய அலுவலகம் மறுத்தது. எப்படியானாலும், எதிரியை அமலேக்கு என்று அழைப்பவர் எவரும் தனக்கு அந்தப் பழைய கட்டளை வந்திருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எரிகோவுக்கு முன்னால் உருவின பட்டயத்தோடு நின்ற ஒருவரைப் பார்த்து யோசுவா, நீர் எங்களைச் சேர்ந்தவரா, எங்கள் சத்துருக்களைச் சேர்ந்தவரா என்று கேட்கிறான். வந்த பதிலின் முதல் சொல் ‘அல்ல’. (பழைய தமிழ் வேதாகமத்தில் பட்டயம் என்றால் வாள்.) தேவனுடைய சேனையின் அதிபதி, யோசுவாவின் பக்கம் என்றுகூடத் தன்னைச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதே உபாகமம் 20ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்தால் இன்னொரு முகம் தெரிகிறது. படை புறப்படுமுன் அதிகாரிகள் கூட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்: புது வீடு கட்டி இன்னும் குடிபோகாதவன் யார்? திராட்சத்தோட்டம் போட்டு முதல் பலனை அனுபவிக்காதவன் யார்? பெண் நிச்சயமாகி இன்னும் கல்யாணம் முடிக்காதவன் யார்? எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். கடைசியில், பயப்படுகிறவன் யார்? அவனும் போகலாம். பயந்தவனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற படை எத்தனை காலத்துக்குப் பெரிய படையாக இருக்க முடியும்? ராஜா குதிரைகளைப் பெருக்கக் கூடாது என்று மூன்று அதிகாரம் முன்பே சொல்லியாயிற்று. குதிரை அன்றைக்கு ஆயுதம். தூரத்துப் பட்டணத்தை முற்றுகையிடுமுன் சமாதானம் கூறவேண்டும். முற்றுகை எத்தனை நாள் நீண்டாலும் கனிதரும் மரங்களை வெட்டக் கூடாது. வெளியில் நிற்கிற மரம் என்ன மனிதனா, நீ அதை முற்றுகையிட, என்று எபிரெய மூலத்தில் அது ஒரு கேள்வியாகவே வருவதாகப் பலர் மொழிபெயர்க்கிறார்கள்.

சம்பவங்களாகப் பார்த்தாலும் இதே இழுவிசைதான். ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் ஆபிராம் தன் வீட்டில் பிறந்த 318 பேரோடு போய், சிறைபிடிக்கப்பட்ட தன் சகோதரன் மகன் லோத்தை மீட்கிறான். சோதோமின் ராஜா கொள்ளைப்பொருளை எடுத்துக்கொள் என்றபோது ஒரு நூலையோ செருப்பின் வாரையோகூட எடுக்க மறுக்கிறான். மாட்டிக்கொண்டவரை மீட்கப் போன போர். லாபம் வேண்டாம் என்று முடிந்த போர். நியாயாதிபதி யெப்தா அம்மோன் ராஜாவுக்கு இரண்டு முறை தூதனுப்பி, எல்லைத் தகராறின் வரலாற்றையே விரிவாக எடுத்துச் சொல்லி வாதாடிவிட்டுத்தான் போருக்குப் போகிறான். எலிசா தீர்க்கதரிசியின் கையில் ஒரு சீரியப் படையே சிக்கியபோது, வெட்டிவிடட்டுமா என்று ராஜா ஆசையோடு கேட்கிறான். சாப்பாடு போட்டு அனுப்பு என்கிறார் எலிசா. பெரிய விருந்து நடக்கிறது. சீரியரின் கொள்ளைக் கூட்டங்கள் அதற்குப்பின் இஸ்ரவேல் தேசத்துக்கு வரவில்லை என்று 2 இராஜாக்கள் 6ஆம் அதிகாரம் குறிக்கிறது.

இன்னொன்று அதிகம் பேசப்படாதது. 2 நாளாகமம் 28ல் வடக்கே இருந்த இஸ்ரவேல் நாட்டின் படை தெற்கே இருந்த யூதாவை வென்று, பெண்களும் பிள்ளைகளுமாக 2,00,000 பேரைச் சமாரியாவுக்குப் பிடித்து வருகிறது. ஓதேத் என்ற தீர்க்கதரிசி, வெற்றிபெற்று வரும் படைக்கு எதிரே போய் நின்று, வானபரியந்தம் எட்டுகிற கோபத்தோடு கொன்றீர்களே என்று கடிந்துகொள்கிறார். நாட்டின் தலைவர்கள் சிலர் எழுந்து, அந்தச் சிறைக்கைதிகளை உள்ளே கொண்டுவரக் கூடாது என்கிறார்கள். கொள்ளைத் துணியையே எடுத்து அவர்களுக்கு உடுத்தி, சோறும் தண்ணீரும் கொடுத்து, காயத்துக்கு எண்ணெய் தடவி, நடக்க முடியாதவர்களைக் கழுதைகளில் ஏற்றி எரிகோவில் கொண்டுபோய் விடுகிறார்கள். இயேசு நல்ல சமாரியன் கதையைச் சொன்னபோது இது மனதில் இருந்திருக்கும் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆமோஸ் இதை எல்லாத் தேசங்களுக்கும் விரிக்கிறார். தங்கள் எல்லையை விஸ்தாரமாக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறிய அம்மோனியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார். ஏதோமின் ராஜாவுடைய எலும்புகளைச் சுட்டு நீறாக்கிய மோவாபையும் ஏற்றுகிறார். இதில் கவனிக்க வேண்டியது, மோவாபின் குற்றத்தில் இஸ்ரவேலுக்குச் சம்பந்தமே இல்லை. செய்தவரும் அந்நியர், பாதிக்கப்பட்டவரும் அந்நியர். போரில் யாரும் யாருக்கும் செய்யக் கூடாதவை உண்டு என்ற எண்ணம் கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 750 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே இருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் ஒரு சிக்கல். கெத்செமனேயில் பேதுருவிடம், உன் பட்டயத்தை உறையிலே போடு, பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள் என்கிறார் இயேசு. சத்துருக்களைச் சிநேகியுங்கள் என்கிறார். ஆனால் போர்ச்சேவகர்கள் யோவான் ஸ்நானகனிடம் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. யாரையும் இம்சிக்காதே, சம்பளம் போதுமென்றிரு என்கிறார். ரோமப் படை அதிகாரி கொர்நேலியு ஞானஸ்நானம் பெறுகிறார், பதவி விலகியதாகக் குறிப்பில்லை.

அப்புறம் ரோமர் 13. அரசு அதிகாரி பட்டயத்தை விருதாவாக (வீணாக) பிடித்திருக்கவில்லை, தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் தேவ ஊழியக்காரன் அவன் என்கிறார் பவுல். போரை நியாயப்படுத்த அதிகம் எடுத்தாளப்படும் வசனம் இதுவே. அதிகாரப் பிரிவுகளைப் பிற்காலத்தார் போட்டதால் இதற்கு நேர் மேலே உள்ள வரிகளைப் பலர் சேர்த்து வாசிப்பதில்லை. பழிவாங்காதே, உன் சத்துரு பசியாயிருந்தால் அவனுக்குப் போஜனங்கொடு என்று 12ஆம் அதிகாரம் முடிகிறது. தனிமனிதன் எடுக்கக் கூடாத பழியை, குற்றத்தைத் தடுக்கும் அளவுக்கு மட்டும் அரசு கையாளலாம் என்பது ஒரு வாசிப்பு. பவுல் பேசுவது ஊர்க்காவலையும் நீதிமன்றத்தையும் பற்றி, அந்நிய நாட்டின்மேல் படையெடுப்பதைப் பற்றியல்ல என்பது இன்னொன்று. நீரோ ஆண்ட காலத்தில் எழுதப்பட்ட வரிகள் இவை. எழுதியவரையே அந்த அரசின் பட்டயம் கொன்றது என்பது சபை மரபு.

முதல் மூன்று நூற்றாண்டுகளில் சபையின் பெரிய எழுத்தாளர்கள் ஏறக்குறைய ஒரே பக்கம் நின்றார்கள். பேதுருவின் கையிலிருந்து வாளை வாங்கியபோது கர்த்தர் எல்லாப் போர்வீரரின் வாளையும் அவிழ்த்துவிட்டார் என்றார் தெர்த்துல்லியன். 295ல் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தெபெசாவில் மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞன், நான் கிறிஸ்தவன், படையில் சேர முடியாது என்று சொல்லித் தலையைக் கொடுத்தான். பேரரசரின் காவல்படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்று அவனை விசாரித்த ரோம ஆளுநர் கேட்டது விசாரணைக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஆக, எழுத்தாளர்கள் சொன்னதும் மக்கள் வாழ்ந்ததும் அன்றைக்கே ஒன்றாக இல்லை.

312க்குப் பிறகு, கான்ஸ்டன்டைன் ஆட்சியில், கேள்வியே மாறியது. இதுவரை, பேரரசின் வாளைக் கிறிஸ்தவன் ஏந்தலாமா என்று கேட்டார்கள். இனிப் பேரரசனே கிறிஸ்தவன். எல்லையில் எதிரி நிற்கும்போது அவன் என்ன செய்வது? நியாயமான போர் என்ற கோட்பாடு இந்த இடத்தில் உருவாகிறது. வேதாகமத்திலிருந்து நேரடியாக எடுத்ததல்ல. ரோமச் சிந்தனையாளன் சிசெரோவிடமிருந்தும் கடன் வாங்கியது. அதற்குக் கிறிஸ்தவ உயிர் கொடுத்தவர் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீன்.

அவர் போரைப் புகழ்ந்தவர் அல்லர். நியாயமான போருக்கும்கூட ஞானி அழுவான் என்று எழுதினார். கொலைவெறி, பழிவாங்கும் கொடூரம், ஆளும் ஆசை, இவைதான் போரின் உண்மையான தீமைகள் என்றார். போனிபாஸ் என்ற ரோமத் தளபதிக்கு 418 வாக்கில் எழுதிய கடிதத்தில், சமாதானத்துக்காகவே போர் செய், போர் செய்யும்போதும் சமாதானம் செய்கிறவனாக இரு என்றார். 12 ஆண்டுகள் கழித்து வாந்தலர்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் ஹிப்போவை முற்றுகையிட்டபோது மதிலுக்குள் அதே போனிபாஸ் இருந்தான். முற்றுகையின் மூன்றாம் மாதத்தில், 430 ஆகஸ்ட் 28 அன்று, அகுஸ்தீன் இறந்தார்.

அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த மிலான் ஆயர் அம்புரோஸ் 390ல் செய்ததையும் சொல்ல வேண்டும். தெசலோனிக்கேயில் கலகம் நடந்ததற்காகப் பேரரசர் தியோடோசியஸின் படை ஆயிரக்கணக்கான மக்களை வெட்டியது. நீ பகிரங்கமாக மனந்திரும்பும்வரை உன் முன்னிலையில் திருவிருந்து நடத்த மாட்டேன் என்று அம்புரோஸ் கடிதம் எழுதினார். பேரரசர் பணிந்தார். கிறிஸ்தவ அரசு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் இதைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் மூன்று நிபந்தனைகளாகச் சுருக்கினார்: போரை அறிவிப்பவருக்கு அதற்கான அதிகாரம் இருக்க வேண்டும், எதிரி ஏதோ அநியாயம் செய்திருக்க வேண்டும், நம் நோக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத நிலை, ஜெயிக்கும் வாய்ப்பு, காரணத்துக்கும் சேதத்துக்கும் ஒரு பொருத்தம், ஆயுதம் ஏந்தாதவரைத் தொடாமை ஆகியவை காலப்போக்கில் சேர்ந்தன. ஆனால் இவற்றுக்கும் சபையின் நடப்புக்கும் இடையே பெரிய பள்ளம். 1095ல் போப் இரண்டாம் அர்பன் சிலுவைப் போரை அறிவித்தார். 1099ல் எருசலேமில் முஸ்லிம்களும் யூதர்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள். 1513 முதல் ஸ்பானியப் படைகள் அமெரிக்க மண்ணின் மக்களுக்கு முன்னால், பணிந்தால் சமாதானம், மறுத்தால் போர் என்ற அறிவிப்பை, அவர்களுக்குப் புரியாத மொழியில் வாசித்தன. போருக்கு முன் சமாதானம் கூறு என்ற கட்டளை வெறும் சடங்காகிப் போனது.

அதற்கு எதிராக சலமான்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ தெ விட்டோரியா என்ற துறவி 1539ல் பேசினார். வேறு மதம் என்பது போருக்குக் காரணமாகாது. பேரரசை விரிவாக்குவதும் மன்னனின் புகழும் காரணமாகா. போர் அநியாயம் என்று நிச்சயமாகத் தெரிந்தால், மன்னன் கட்டளையிட்டாலும் குடிமகன் போகக் கூடாது. 1526ல் மார்ட்டின் லூத்தரும், தன் பிரபு தவறென்று திட்டமாகத் தெரிந்த போர்வீரன் போகாமல் தேவனுக்குக் கீழ்ப்படியட்டும் என்று எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் (குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத சீர்திருத்தக் குழுவினர்) ஒருபடி மேலே போய், வாள் கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே உள்ளது, எங்களுக்கு அது வேண்டாம் என்றார்கள். அவர்கள் வழிவந்த மென்னோனைட்டுகள் இன்றும் அப்படியே.

இந்த அளவுகோல்கள் நம் காலத்தில் வேலை செய்தனவா? ஹிட்லருக்கு எதிரான போரை நியாயமான போருக்கு உதாரணமாகச் சொல்வார்கள், நானும் மறுக்க மாட்டேன். அந்தப் போரின் நடுவிலேயே, 1944 பிப்ரவரி 9 அன்று, இங்கிலாந்தின் சிச்செஸ்டர் ஆயர் ஜார்ஜ் பெல் பிரபுக்கள் சபையில் எழுந்து, ஜெர்மன் நகரங்களை முழுமுழுதாகக் குண்டுவீசி அழிப்பது நியாயமா என்று கேட்டார். அவர் நாஜிகளை ஆரம்பத்திலிருந்து எதிர்த்தவர், ஹிட்லரால் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் போன்ஹோஃபரின் நண்பர். காரணம் நியாயமாக இருப்பதால் வழிமுறை எல்லாம் நியாயமாகிவிடாது என்பது அவர் பேச்சின் சாரம். கேண்டர்பரி பேராயர் பதவி அவருக்குக் கிடைக்காமல் போனதற்கு அந்தப் பேச்சே காரணம் என்று பலர் நம்புகிறார்கள்.

2003 ஈராக் போர் இன்னும் கசப்பான பாடம். 2002 அக்டோபரில் அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் சபைத் தலைவர்களில் ஒருவரான ரிச்சர்ட் லேண்டும் மற்ற நான்கு சுவிசேஷத் தலைவர்களும், இது நியாயமான போர் அளவுகோல்களுக்குப் பொருந்துகிறது என்று அதிபர் புஷ்ஷுக்கு எழுதினார்கள். அதே அளவுகோல்களை வைத்து வத்திக்கான் பொருந்தவில்லை என்றது. போப் இரண்டாம் ஜான் பால் 2003 மார்ச்சில் கர்தினால் பியோ லாகியை வெள்ளை மாளிகைக்கே அனுப்பினார். புஷ் சார்ந்திருந்த மெதடிஸ்ட் சபையின் ஆயர்களும் எதிர்த்தார்கள். மார்ச் 20ல் போர் தொடங்கியது. சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. ஈராக்கில் தொன்றுதொட்டு வாழ்ந்த கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் அடுத்த ஆண்டுகளில் நாட்டைவிட்டே வெளியேறினார்கள்.

உக்ரைன் போர் தொடங்கிய 2022 பிப்ரவரி 24 அன்றே, அப்போது மாஸ்கோ சபையோடு இணைந்திருந்த உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் தலைவர் ஒனுப்ரி, இது தம்பியைக் கொன்ற காயீனின் பாவம் என்றார். அந்தச் செப்டம்பரில் மாஸ்கோ தலைவர் கிரில், கடமையில் சாகும் வீரனின் பாவங்கள் கழுவப்படும் என்று பிரசங்கித்தார். தாக்கப்பட்ட நாடு தன் மக்களைக் காக்க ஆயுதம் எடுப்பதை வேதாகமத்தின் பெரும்பகுதி குற்றமாகப் பார்க்கவில்லை என்பது என் கணிப்பு. ஆனால் படையெடுத்தவனுக்குப் பாவமன்னிப்பு அறிவிப்பது, நானூறு பேர் ஆகாபுக்குச் செய்த அதே வேலை.

போப் பிரான்சிஸ் 2020ல் வெளியிட்ட சுற்றுமடலில், இன்றைய ஆயுதங்களை வைத்துப் பார்த்தால் நியாயமான போர் என்று பேசுவதே மிகக் கடினமாகிவிட்டது என்றார். நான் அவ்வளவு தூரம் போகத் தயங்குகிறேன், ஏனென்றால் லோத்து இன்றும் சிறைபிடிக்கப்படுகிறான். ஆனால் ஒரு சபை இந்த அளவுகோல்களை எடுத்து அளந்து, தன் சொந்த அரசிடம் வேண்டாம் என்று ஒருமுறையாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னதே இல்லை என்றால் அது அளக்கவே இல்லை.

அளந்து பார்த்துச் சொன்னவர்களில் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் கிராமத்து விவசாயி ஃபிரான்ஸ் யாகர்ஸ்டாட்டரும் ஒருவர். கோயில் பணியாளர், மூன்று பெண்குழந்தைகளின் தகப்பன். ஹிட்லரின் போர் அநியாயமானது, அதில் சண்டையிடுவது பாவம் என்று அவர் முடிவுக்கு வந்தார். விட்டோரியாவும் லூத்தரும் சொல்லியிருந்ததும் அதுதான். லின்ஸ் நகர ஆயரிடம் போய்க் கேட்டார். குடும்பத்தை நினைத்துப் பார், அரசின் முடிவுக்கு நீ பொறுப்பல்ல என்ற ஆலோசனை கிடைத்தது. 1943 மார்ச்சில் படையில் சண்டையிட மறுத்தார். ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. ஊரார் பலர் அவரைக் குடும்பத்தைக் கைவிட்டவன் என்றார்கள். அவருடைய மனைவி பிரான்சிஸ்காவுக்குப் போர் விதவைகளுக்கான உதவித்தொகை 1950 வரை மறுக்கப்பட்டது. 2007 அக்டோபர் 26 அன்று, அதே லின்ஸ் நகரின் பேராலயத்தில் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்தபோது, பிரான்சிஸ்கா 94 வயதில் அங்கே இருந்தார்.